மாதச் சந்தா இல்லாத டிவி: புது வீட்டுக்கு அது போதுமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். கடன் 35 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம். வாடகை வீட்டில் கேபிள் இருந்தது. புது வீட்டுக்கு மாதம் 1,199 ரூபாயில் ஓடிடி-களும் சேர்ந்த இணைய பிளானும், நோ காஸ்ட் இஎம்ஐ-யில் 55 அங்குல டிவியும் எடுக்கலாம் என்பது என் யோசனை. "அதெல்லாம் வேண்டாம், ஒரு டிஷ் மாட்டினால் காலத்துக்கும் இலவசம்" என்கிறார் கணவர். அத்தை தினமும் சாயங்காலம் தமிழ் சீரியல் பார்ப்பார். பையனுக்கு கிரிக்கெட். பழைய 32 அங்குல டிவி நன்றாகவே ஓடுகிறது. எது சரி?

பதில்: உங்கள் கணவர் சொல்வது டிடி ஃப்ரீ டிஷ். 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தொடங்கியது. டிஷ், செட்டாப் பாக்ஸ், வயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும். அதற்குப் பிறகு மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ரீசார்ஜ், ரெஜிஸ்ட்ரேஷன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் அத்தை பார்க்கும் சீரியல் அதில் வராது. டிடி தமிழ் வரும், தூர்தர்ஷனின் மற்ற சேனல்கள் வரும், தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றும் கட்டணச் சேனல்கள். பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் பெரியவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் அன்றைய நாளின் பிடிப்பு. புது இடத்தில் அக்கம்பக்கம் பழகவும் நாளாகும். குடும்ப பட்ஜெட்டில் கை வைக்க ஆயிரம் இடம் இருக்கிறது, தயவுசெய்து இதில் வைக்காதீர்கள். மொபைலில் பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் சரிவராது. ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தினால் படம் வர வேண்டும், அவருக்கு வேண்டியது அதுதான்.

அதற்கு ஆகும் செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கேபிளோ டிடிஎச்சோ, 300 ரூபாய் பேக்கை அப்படியே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 பைசா என்ற அளவில் இருந்தது. 2024-ல் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது எவ்வளவு என்று கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்கு வேண்டிய இரண்டு சேனலை மட்டும் அதன்மேல் சேர்த்தால் 200 ரூபாயை ஒட்டி வரும். தமிழ்ச் செய்தி சேனல்கள் பல கட்டணமில்லாதவை, அடிப்படைக் கட்டணத்திலேயே கிடைக்கும்.

அப்போது ஃப்ரீ டிஷ் வேண்டவே வேண்டாமா? உங்கள் பையனுக்காக அதையும் மாட்டலாம் என்பேன். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய ஆடவர் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அப்படிப் பகிர்ந்ததை தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி, டிடிஎச் தளங்களில் மட்டும்தான் காட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் கேபிளில் தூர்தர்ஷன் வைத்தால் கிடைக்காத மேட்ச், ஃப்ரீ டிஷ்ஷில் கிடைக்கிறது. ஐபிஎல் இந்தச் சட்டத்தில் வராது, அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்டுவதானால் பால்ஸ் சீலிங்கும் பெயின்ட்டும் முடிவதற்குள் முடிவு செய்யுங்கள். மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு டிஷ்ஷுக்கான இரண்டு கோஆக்சியல் வயரும் ஒரு இணைய வயரும் பைப்புக்குள் இழுத்துவிடச் சொல்லுங்கள். இப்போது குறைந்த செலவில் முடியும். பிறகென்றால் சுவரை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் வழியாக வயர் தொங்கும். ஃப்ரீ டிஷ் சிக்னலை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது, கோவையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். உங்கள் பால்கனி கிழக்கோ தெற்கோ பார்த்து, எதிரே கட்டடமோ மரமோ மறைக்காவிட்டால் அங்கேயே மாட்டிவிடலாம். மேற்கோ வடக்கோ பார்த்தால் மாடிதான், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வராது. அடைமழையில் படம் விட்டுவிட்டு வரும், அது டிஷ்ஷின் கோளாறு இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத கணக்குக்கு வருகிறேன், எனக்குக் கவலை அங்கேதான். 1,199 ரூபாய் பிளான் ஜிஎஸ்டியோடு 1,415 ரூபாய். ஓடிடி இல்லாத 499 ரூபாய் இணைப்பு உங்கள் பகுதியில் கிடைத்தால் 589 ரூபாய்தான். வித்தியாசம் மாதம் 826. உங்கள் வீட்டுக் கடனின் தவணை 30,374 ரூபாய். அதோடு இந்த 826 ரூபாயையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்துக் கட்டி வந்தால், வட்டி மாறாத வரை, கடன் 15 மாதம் முன்னதாகவே முடியும். வங்கிக்குப் போகும் மொத்தப் பணத்தில் ஏறக்குறைய 2.9 லட்சம் ரூபாய் குறையும். அத்தையின் 200 ரூபாயை வெட்டுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, இந்த 826 ரூபாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஓடிடி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் மூவரும் உண்மையிலேயே பார்க்கும் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

55 அங்குல டிவியைத் தள்ளிப்போடுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ-யில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். புது வீட்டின் முதல் ஆறு மாதத்தில் பராமரிப்புக் கட்டணம், கொசுவலை, கிரில், திரைச்சீலை என்று எதிர்பாராத செலவு வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு தவணையைத் தொடங்காதீர்கள்.

முன்கூட்டியே கட்டும் பணத்துக்கு ஒரு வேலை பாக்கி. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அபராதம் கிடையாது. ஆனால் கூடுதலாகக் கட்டுவதை அசலில் கழித்து, தவணைத் தொகையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். கிளையில் கேட்டுவிட்டு, மாதம் 826 போடுவதா, வருடத்துக்கு ஒருமுறை 9,912 ரூபாயாகக் கட்டுவதா என்று முடிவு செய்யுங்கள். வருடக் கடைசியில் கட்டினால் மிச்சம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.