லக்கி மர்வத்: பேர் எப்படி வந்துச்சு, மக்கள்தொகைக்கு எந்த நம்பரை எடுக்கணும்?

கேள்வி: பாகிஸ்தான்ல கைபர் பக்துன்க்வா மாகாணத்துல இருக்கற லக்கி மர்வத் மாவட்டம் பத்தி ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதறேன். மக்கள்தொகை ஒரு இடத்துல 4.9 லட்சம், இன்னொரு இடத்துல 8.76 லட்சம், வேற இடத்துல 10.4 லட்சம்னு இருக்கு. எதைப் போடறது? மர்வத்துக்கும் மார்வாடிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடலாம், சம்பந்தமே இல்லைங்க. மார்வாடிங்கறது ராஜஸ்தான் மார்வார் பகுதியை வெச்சு வந்தது, மர்வத்துங்கறது பஷ்தூன்கள்ல லோஹானி கிளையைச் சேர்ந்த ஒரு குலத்தோட பேர். லக்கிங்கறது ஊர். ஊர் பேரும் குலத்து பேரும் சேர்ந்துதான் மாவட்டத்து பேர்.

இவங்க வஜீரிஸ்தான் பக்கம் இருந்து இறங்கி, தாமன் சமவெளி வழியா சுமார் 400 வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்து, ஏற்கனவே இருந்த நியாஸிங்கற இன்னொரு பஷ்தூன் குலத்தை கிழக்கே ஈசாகேல், மியான்வாலி பக்கம் தள்ளிட்டாங்கன்னு வரலாறு சொல்றாங்க. இம்ரான் கானோட குடும்பம் அந்த மியான்வாலி நியாஸிதான், அதையும் ஸ்கிரிப்ட்ல சேர்த்தா பாக்கறவங்களுக்கு சட்டுனு பிடிபடும். மேப்பை பெருசாக்கி பாருங்க, கஸ்னி கேல், ஷா ஹசன் கேல், தஜாசைன்னு வரிசையா வரும். 'கேல்'னா ஒரு வம்சக் கிளை, 'ஸை'னா இன்னாரோட வாரிசுங்க, அதனால பல ஊர் பேரைப் பாத்தாலே எந்தக் கிளை அங்க குடியேறுச்சுன்னு தெரிஞ்சிடும்.

இப்போ நம்பருக்கு வருவோம். மூணுமே சரிதான், வருஷம்தான் வேற. 4.9 லட்சம் 1998 சென்ஸஸ், 8.76 லட்சம் 2017, 10.4 லட்சம் 2023. நடுவுல 19 வருஷம் பாகிஸ்தான்ல சென்ஸஸே எடுக்கல, அதான் இவ்ளோ பெரிய தாவல் மாதிரி தெரியுது, கணக்கு போட்டா வருஷத்துக்கு 3 சதவீதம்தான் வரும், அதுவே அதிகம்தான். வீடியோவுல 2023 நம்பரைப் போடுங்க, பக்கத்துல வருஷத்தையும் கண்டிப்பா போடுங்க.

ஆனா 2017ல இருந்து எவ்ளோ ஏறுச்சுன்னு சொல்றதா இருந்தா இங்கதான் கவனமா இருக்கணும், நிறைய பேர் சறுக்கற இடம் இது. 2018ல பழங்குடிப் பகுதிகளை மாகாணத்தோட இணைச்சப்போ, அதுவரைக்கும் தனியா எண்ணிட்டு இருந்த லக்கி எல்லைப் பகுதி, அதாவது பெட்டனி குலத்தோட மலையோர நிலம், இந்த மாவட்டத்துல சேர்ந்துடுச்சு. அங்க 2017ல சுமார் 26 ஆயிரம் பேர். அதையும் கூட்டி 9.02 லட்சத்துல இருந்து கணக்கு பண்ணாதான் நியாயம், வளர்ச்சி 15 சதவீதம் வரும். 8.76ல இருந்து பண்ணா 19 காட்டும், அது இல்லாத வேகம்.

1998 டேபிளை தேடுறப்போ மாகாணத்தை வடமேற்கு எல்லைப்புற மாகாணம்னு தேடுங்க, பேர் மாறுனது 2010லதான். 1992க்கு முன்னாடி லக்கி, பன்னு மாவட்டத்துல ஒரு தாலுகா, அதனால 1981 கணக்கு வேணும்னா பன்னுக்குள்ள போய்தான் பிரிச்சு எடுக்கணும்.

இன்னொண்ணு, 2017 கணக்குப்படி பத்துல ஒருத்தர்தான் டவுன்ல, லக்கியும் சராய் நவ்ரங்கும்தான் அந்த டவுன்கள். மத்தவங்க கிராமம்னு இருக்கும், ஆனா பாகிஸ்தான்ல முனிசிபல் அந்தஸ்து இருந்தாதான் டவுன்னு எண்ணுவாங்க, கடைத்தெருவோட இருக்கற பெரிய ஊர் கூட கிராமக் கணக்குலதான் விழும். 'எல்லாரும் வயக்காட்டு ஜனங்க'ன்னு மட்டும் எழுதிடாதீங்க. மணல் நிலத்துல மழையை நம்பி கோதுமையும் கொண்டைக்கடலையும் போடறவங்க நிறைய பேர் உண்டு, அதைத் தனியா சொல்லுங்க. மாவட்டத்து பேர்ல மர்வத் மட்டும்தான் இருக்கு, பெட்டனிகளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.