பின்சீட்டுப் பயமும் ஏலகிரி வளைவுகளும்: கேள்வி பதில்

வீட்டில் ஒருவருக்குப் பைக் பயணம் என்றால் உயிர், இன்னொருவருக்குப் பின்னால் உட்காரவே நடுக்கம். இன்று வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான்.

குடியாத்தம்: அக்கா, கல்யாணமாகி ஆறு மாசம். அவர் ஞாயிறு ஆனா ஏலகிரி கிளம்பிடுவார். எனக்கும் கூடப் போக ஆசைதான். ஆனா வளைவுல வண்டி சாயும்போது கண்ணை மூடிக்கிறேன், உடம்பு தானா எதிர்ப்பக்கம் போயிடுது. இந்தப் பயம் போகுமா?

போகும். ஆனால் முதல் பயணமே ஏலகிரி வேண்டாம். மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல.

கண்ணை மூடினால் சாய்வு மட்டும் தெரியும், அது ஏன் என்று தெரியாது. அதனால்தான் உடம்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. நீங்கள் வெளிப்பக்கம் போனால் அதே வளைவைத் திரும்ப அவர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்த்தாக வேண்டும். உங்களுக்குப் பயம் கூடும். வலது வளைவில் அவருடைய வலது தோளுக்கு மேலாகவும், இடது வளைவில் இடது தோளுக்கு மேலாகவும் சாலையைப் பாருங்கள். தலை திரும்பினாலே உடம்பு அளவாகச் சாயும். தனியாகச் சாய முயல வேண்டாம்.

ஒரு கை அவர் இடுப்பில், ஒரு கை பின்கம்பியில். முழங்கால்கள் அவர் இடுப்பை லேசாக அழுத்தட்டும். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னே போகும். அந்தப் பாரத்தைக் கம்பியும் கால்களும் தாங்க வேண்டும். அவர் முதுகில் விழுந்தால் பாரம் அவர் கை வழியாக ஹேண்டில்பாரில் இறங்கும், அவரால் சரியாகத் திருப்ப முடியாது.

முதல் வாரம் ஆளில்லாத சாலையில் அரை மணி நேரம், 30 கி.மீ. வேகத்துக்குள், கிளம்புவதும் நிறுத்துவதும் மட்டும். அடுத்த வாரம் வேலூரிலிருந்து அமிர்தி, 25 கி.மீ. மலை அதற்குப் பிறகு. தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஏன் என்ற கேள்வியை வண்டி நின்ற பிறகுதான் அவர் கேட்க வேண்டும். தட்டினால் வண்டி நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

ராணிப்பேட்டை: மனைவி பயப்படுறாங்க. நான் வண்டியில என்ன பார்க்கணும்?

இதைக் கேட்டதற்கே நன்றி. பின்சீட்டுப் பயத்தில் பெரும்பங்கைக் குறைக்க வேண்டியவர் ஓட்டுபவர்.

வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒருவருக்கு ஓர் அளவு, இருவருக்கு ஓர் அளவு என்று காற்றழுத்தம் போட்டிருக்கும். பின்சக்கரத்துக்கு இருவர் அளவை வையுங்கள். டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரை ஓரிரு படி இறுக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே படி. செய்யாவிட்டால் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், திருப்பத்தில் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும்.

கியரை வளைவுக்கு முன்பே குறையுங்கள், வளைவின் நடுவில் கிளட்ச் பிடிக்காதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. எஞ்சின் பிடிமானம் போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். அவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடித்தால், நீங்கள் பிரேக்கையோ கியரையோ முரட்டுத்தனமாகக் கையாள்கிறீர்கள் என்று பொருள்.

காட்பாடி: புடவையில ஒரு பக்கமா உட்கார்ந்து மலை ஏறலாமா?

கூடாது.

காட்பாடி, மறுபடியும்: எங்க அம்மா முப்பது வருஷமா அப்படித்தான் உட்கார்றாங்க. ஒண்ணும் ஆகலையே?

ஆம்பூர்: அதானே! புடவை கட்டுறவங்க பைக்ல போகவே கூடாதா?

போகலாம். உட்காரும் முறையைத்தான் சொல்கிறேன். இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முதுகு வலப்புறம் இருக்கும். இடது தோள் முந்தானை முதுகுப் பக்கம், அதாவது வலப்புறம், பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கும். புடவைத் தடுப்பு பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம்தான். காவல் ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம். பின்சக்கரத்தில் பாதியாவது மறையும்படி தடுப்பு வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அழகுக்காக அதைக் கழற்றியவர்கள் நாளைக்கே மாட்டுங்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் முழங்கால் பிடியும் இல்லை, வலது வளைவில் பின்பக்கமாகச் சரிவீர்கள். ஊருக்குள் மெதுவாகப் போவதை வைத்து மலையை அளக்க வேண்டாம். மலைக்குச் சுடிதார் போடுங்கள், துப்பட்டா இல்லாமல். முந்தானை, துப்பட்டா எதுவானாலும் பறக்க விடாதீர்கள்.

வாணியம்பாடி: வளைவுல வாந்தி வருது.

பள்ளத்தைப் பார்க்காதீர்கள், தூரத்துச் சாலையைப் பாருங்கள். ஆம்பூர் பிரியாணியைத் திரும்பும்போது சாப்பிடுங்கள்.

ஆற்காடு: அவரோட பழைய ஹெல்மெட் எனக்குப் போதுமா?

ஒரு முறை விபத்தில் அடிபட்டதென்றால் தூக்கிப் போடுங்கள். தளர்வாக இருந்தாலும் வேண்டாம். காற்று அதைத் தூக்கிக் கழுத்தை இழுக்கும், அதுவே பயத்தைக் கூட்டும். ஐஎஸ்ஐ முத்திரையோடு, கன்னத்தை அழுத்திப் பிடிக்கும் அளவில் உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

திருப்பத்தூர்: மூணு மாசம் கர்ப்பம், போகலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா. அவர் பதில் வரும் வரை வீட்டிலேயே இருங்கள்.

அரக்கோணம்: எந்த பைக் வாங்கலாம்?

இது அதற்கான இடம் இல்லை.

பேரணாம்பட்டு: சின்னதா ஒரு துப்பட்டா மட்டும் போட்டுக்கலாமா?

காட்பாடிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இதைக் கேட்டவர் நீங்கள் நான்காவது ஆள்.

குடியாத்தம்: அக்கா, முதல்ல கேட்டது என் மனைவிதான். இந்த ஞாயிறே ஏலகிரி போயிடலாமா? மெதுவா ஓட்டுறேன்.

வேண்டாம் தம்பி. அரை மணி நேரப் பழக்கம் இந்த ஞாயிறு, அமிர்தி அடுத்த ஞாயிறு. அதுவும் காலை ஆறு மணிக்கே, வெயில் ஏறும் முன். அவர் இரண்டு தட்டு தட்டிய இடத்தில் நிறுத்துங்கள். அது வீட்டு வாசலாகவே இருந்தாலும் சரி.