பத்துக்கு நாலு

கேள்வி: எங்கள் மகளுக்கு 5 வயது. செப்டம்பரில் கிண்டர்கார்ட்டன். நடந்து போகும் தூரத்திலேயே பப்ளிக் ஸ்கூல் (அரசுப் பள்ளி) இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும்தான் அங்கே அதிகம். இணையத்தில் ரேட்டிங் 10க்கு 4. பக்கத்து டவுன் பள்ளிக்கு 9. அங்கே வீடு வாங்கிப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தெருவிலேயே இருக்கும் வெள்ளைக்கார நண்பர், "இப்படி எல்லோரும் ஓடுவதால்தான் இந்த நாட்டுப் பள்ளிகள் இன்னும் இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பது தனியார் பள்ளியில்! நாங்கள் அமெரிக்கா வந்து 12 வருடம்தான் ஆகிறது. இவர்களுடைய பழைய பாவத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைக்கு நல்லது தேடுவது குற்றமா?
(பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி)

பதில்: குற்றம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். உங்கள் நண்பருக்கென்றே "படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்" என்று நம்மிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது. ஆனால் சொன்னவர் யோக்கியரா என்பது ஒரு கேள்வி, சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதிலிருந்து நழுவப் பார்க்கிறீர்கள்.

"எங்களுக்கு என்ன சம்பந்தம்" என்று கேட்ட இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 1924இல் மிசிசிப்பி மாநிலத்தில் ரோஸ்டேல் என்ற சிற்றூரில் மார்த்தா லம் என்ற 9 வயதுச் சீனப் பெண் பள்ளி திறந்த முதல் நாள் வகுப்புக்குப் போனாள். மதிய இடைவேளையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அது வெள்ளையர் பள்ளி. அவளுடைய அப்பா மளிகைக்கடைக்காரர். விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆனால் அவர் தரப்பு அங்கே வைத்த வாதம் என்ன தெரியுமா? பிள்ளைகளைப் பிரிப்பதே தவறு என்று அல்ல. எங்கள் பெண் கறுப்பினத்தவள் இல்லை, அவளைத் தவறான பக்கத்தில் போட்டுவிட்டீர்கள் என்பதுதான். 1927இல் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு 4 வருடம் முன்னால், 1923இல், இதே நீதிமன்றத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரும் தோற்றிருந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த், ஆரிய ரத்தம், உயர்ந்த சாதி, ஆகவே நானும் வெள்ளையன்தான், குடியுரிமை கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில், அந்த நீதிமன்றத்தில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. ஆனால் இனத்தால் பிரிக்கும் கோட்டை அழிக்கச் சொல்லாமல், அந்தக் கோட்டின் நல்ல பக்கத்தில் நிற்க இடம் கேட்பது நமக்குப் பழைய பழக்கம். உங்கள் கேள்வியிலும் அந்த வாடை அடிக்கிறது.

கோட்டை அழிக்கச் சொன்னவர்கள் வேறு ஆட்கள். கறுப்பினப் பெற்றோர்கள், தர்குட் மார்ஷல் போன்ற அவர்களுடைய வழக்கறிஞர்கள். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் 9 நீதிபதிகளும் சேர்ந்து, பிரித்து வைத்த பள்ளிகள் ஒருபோதும் சமமாகாது என்று சொன்னார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1957இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்களுக்காக ராணுவமே வர வேண்டியிருந்தது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியில் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைப்பதற்குப் பதிலாக 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடினார்கள், 5 வருடம் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. மற்ற பிள்ளைகளில் பலருக்கு அந்த வருடங்கள் போனது போனதுதான். கறுப்பினத்தவரின் அந்தப் போராட்டம்தான் 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதே சூட்டில், அதே 1965 அக்டோபரில், குடியேற்றச் சட்டமும் மாறியது. அதற்கு முன் இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்த இடம் வருடத்துக்கு 100. ஆமாம், வெறும் நூறு பேர். நீங்களும் நானும் உள்ளே வந்தது அவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான். சம்பந்தம் கேட்டீர்களே, இதுதான்.

சரி, பழைய கதை போதும். உங்கள் பள்ளி 4, பக்கத்து டவுன் 9, நடுவில் ஒரு எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு இவ்வளவு பலம் வந்தது 1974இல். டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களையும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனித்தனி நிர்வாகங்கள்) சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கும் திட்டம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. புறநகர்கள் தப்பு செய்ததாக நிரூபிக்காமல் அவர்களை இழுக்கக் கூடாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. அதற்குள் நீதிபதியாகியிருந்த மார்ஷல் எதிர்த்து எழுதினார்: பெருநகரங்கள் வெள்ளையர் ஊர் ஒன்று, கறுப்பினத்தவர் ஊர் ஒன்று என்று இரண்டாகிவிடும். உங்கள் மாநிலத்தில் கிட்டத்தட்ட 600 டிஸ்ட்ரிக்ட். பள்ளிக்குப் பணம் பெருமளவு சொத்து வரியிலிருந்து வருகிறது, வீட்டு விலை ஏறினால் வரி ஏறும், வரியோடு பள்ளியின் பெயர் ஏறும், பெயரைப் பார்த்து உங்களைப் போன்றவர்கள் வீடு வாங்குவார்கள், விலை இன்னும் ஏறும். ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள் என்று நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் பல முறை உத்தரவிட்டு, பணமும் ஓரளவு வந்தது. கோடு அப்படியே இருக்கிறது. 2018 மே 17, பிரவுன் தீர்ப்பின் ஆண்டு நிறைவு நாளில், குடியிருக்கும் டவுனில்தான் படிக்க வேண்டும் என்ற விதியையே குறிவைத்து மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள் சில பெற்றோர்களும் அமைப்புகளும். நம்மவர்கள் கூடும் இடங்களில் மார்ட்கேஜ் வட்டி பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். இந்த வழக்கைப் பற்றி ஒருவர்கூடப் பேசிக் கேட்டதில்லை.

இப்போது அந்த நாலுக்கு வருவோம். ரேட்டிங்கில் பெரும்பங்கு பரீட்சை மதிப்பெண். மதிப்பெண் எதைப் பின்தொடர்கிறது? பெற்றோரின் சம்பளத்தையும் படிப்பையும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் கோடிக்கணக்கான விடைத்தாள்களின் மதிப்பெண்களை எடுத்து இதை அலசியிருக்கிறார். பிள்ளை உள்ளே வரும்போது எவ்வளவு தெரிந்திருந்தது என்பது வேறு, பள்ளி எவ்வளவு சொல்லிக் கொடுத்தது என்பது வேறு. சராசரி மதிப்பெண்ணில் பின்தங்கிய சிகாகோவில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், 5 வருடத்தில், பிள்ளைகள் 6 வருடப் படிப்புக்கு ஈடாக முன்னேறியிருந்தார்கள். நாட்டின் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களைவிட வேகம். ரேட்டிங்கை மட்டும் பார்க்கிறவர் இந்தப் பள்ளிகள் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார். பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

உங்கள் மகளுக்கு நஷ்டமா என்றுதானே பயம்? பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ரக்கர் ஜான்சன், நீதிமன்ற உத்தரவால் கலந்து படித்த தலைமுறையை வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், உடல்நலம்கூட மேம்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை. வீட்டில் படித்த பெற்றோர் இருவர், இரவில் கதை சொல்ல ஆள், அலமாரி நிறையப் புத்தகம். இந்தப் பிள்ளை பத்துக்கு நாலில் விழுந்து மூழ்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உபதேசம் போதும் என்கிறீர்களா? நானும் ஓடியவன்தான். என் மகன் முதல் வகுப்பில் சேர வேண்டிய வருடம் 'நல்ல டிஸ்ட்ரிக்ட்' தேடி வீடு மாறினோம். நன்றாகவே படித்தான், குறை சொல்ல முடியாது. என்னை உறுத்துவது இன்னொன்று. விட்டுவிட்டு வந்த பள்ளியின் படியை நான் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. யாரோ சொன்னார்கள், யாரோ தலையை ஆட்டினார்கள், நான் பெட்டி கட்டினேன். 'அங்கே கூட்டம் சரியில்லை' என்று நம் ஆட்கள் சாப்பாட்டு மேஜையில் குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பி.

உங்கள் பெண்ணுக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டு அந்தப் பள்ளியில் அதற்கு ஆள் இல்லையென்றால் யோசிக்காமல் மாறுங்கள், யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. எழுதியது ஒரு எண்ணும், பிள்ளைகளின் நிறமும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது லீவு போட்டுப் போய்ப் பாருங்கள். முதல் வகுப்பு ஆசிரியையிடம் பேசுங்கள். அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள், வருடத்துக்கு ஒருவர் மாறும் பள்ளியாக இருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு இருந்தால் அதில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். ஒரே கூரைக்குள் இரண்டு பள்ளி நடத்துகிற இடங்களும் உண்டு. அப்புறம், போகும்போது அந்த வெள்ளைக்கார நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதே தெருதானே, அவருக்கும் நடந்து போகும் தூரம்தான்.