முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு மருந்து சரியாகக் கொடுக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியில் இருப்பது: அம்மாவுக்கு 79 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு இல்லத்தில் போன வாரம் சேர்த்திருக்கிறீர்கள். பிரஷர், சுகர், தைராய்டு மருந்துகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்று ஒன்பது வகை மருந்து.

போன வாரம்தான் சேர்த்தீர்கள் என்றால் இந்த வாரமே கவனிக்க வேண்டும். மருந்து கைமாறும் நேரத்தில்தான் தவறு அதிகம் நடக்கும்: வீட்டிலிருந்து இல்லத்துக்கு வரும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, புது மாதத்துப் பெட்டி வந்து சேரும்போது. வீட்டில் அம்மாவின் கைப்பை, கட்டில் பக்கத்து டிராயர், சமையலறை அலமாரி என்று இருக்கிற மருந்தையெல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். இல்லத்து சிஸ்டரோடு உட்கார்ந்து, அவர்களுடைய மருந்து அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அட்டையில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. மருந்தின் மூலப்பெயர், எத்தனை மி.கி., எந்த நேரம், எதற்காக என்பதும் இருக்க வேண்டும். ஒவ்வாமை இருந்தால் அட்டையின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மூலப்பெயரை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2003 முதல் இங்கே மருந்துக்கடையில் ஜெனரிக் மருந்தை (அதே மூலப்பெயரில் வரும் விலை குறைந்த மருந்தை) பற்றிச் சொல்லி, நோயாளியோ டாக்டரோ தடுக்காவிட்டால் அதையே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், செலவு குறைகிறது. ஆனால் மாதத்துக்கு மாதம் பெட்டியின் பெயரும் மாத்திரையின் நிறமும் மாறலாம். வீட்டிலிருந்து போனது நார்வாஸ்க், கடையிலிருந்து வந்தது அம்லாக். இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்துதான். அது தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும், கணுக்கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். வீக்கத்தைப் பார்த்து யாராவது நீர் மாத்திரை எழுதுவார்கள். அதைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி நாலு தடவை பாத்ரூம். இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான். நீர் மாத்திரை காலையில்தான் போக வேண்டும்.

வார்ஃபரினில் இன்னும் கவனம் வேண்டும். "ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரை" என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். நேற்று எது போனது என்று ஷிஃப்ட் மாறியவருக்குத் தெரியாது. "திங்கள், புதன், வெள்ளி அரை, மற்ற நாள் ஒன்று" என்று கிழமை போட்டே எழுத வேண்டும். பக்கத்தில் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) அளவும், அடுத்து எப்போது ரத்தம் எடுப்பது என்ற தேதியும் வேண்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள்: தலைவலி என்றதும் கைப்பையிலிருந்து கிராண்ட்பா பவுடர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும். அதிலேயே பாரசிட்டமாலும் இருப்பதால், சிஸ்டர் கொடுக்கிற பனாடோவின் (அதுவும் பாரசிட்டமால்தான்) கணக்கும் தப்பிப்போகும்.

தைராய்டு மாத்திரை பல இல்லங்களில் வீணாகிறது. காலை எட்டு மணிக்கு எல்லா மாத்திரையும் ஒரே சின்னக் கப்பில், கஞ்சியோடும் பால் டீயோடும் உள்ளே போகும். லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போக வேண்டும். கால்சியமும் இரும்புச்சத்தும் நாலு மணி நேரம் தள்ளி. அட்டையில் காலை ஆறு மணிக்குத் தனி வரி போடச் சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி சிஸ்டர் கிளம்புவதற்கு முன் கொடுத்துவிடலாம்.

ஒருநாள் காலை மருந்து கொடுக்கும் நேரத்தில் போய் ஓரமாக நில்லுங்கள். அட்டை தட்டின் பக்கத்தில் திறந்திருக்கிறதா, பெயரைக் கேட்டோ போட்டோவைப் பார்த்தோ கொடுக்கிறார்களா, விழுங்கிய பிறகு கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். எல்லாருக்கும் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், கன்னத்தில் ஒதுக்கித் துப்பிய மாத்திரையும் "கொடுத்தாயிற்று" கணக்கில்தான் சேரும். கட்டம் காலியாக இருந்தாலும் ஆபத்து: மறந்தார்களா, கொடுத்துவிட்டு எழுதவில்லையா என்று புரியாமல் அடுத்த ஷிஃப்டில் இன்னொரு முறை கொடுத்துவிடுவார்கள். அம்மா மறுத்தால், "மறுத்தார்" என்று காரணத்தோடு எழுத வேண்டும்.

விழுங்கச் சிரமம் என்று மாத்திரையை நசுக்கிக் கஞ்சியில் கலக்கிறார்களா? மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். என்ற சுகர் மாத்திரை போல மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்கினால் ஒருநாள் மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். குடலில் கரைய வேண்டிய பூச்சுள்ள ஆஸ்பிரின், நசுக்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். திரவமாகவோ வேறு மாத்திரையாகவோ மாற்ற முடியுமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மறைத்துக் கொடுப்பதை டாக்டரும் குடும்பமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை சுலபமாகிறது என்று கேர்கிவர் தானாகச் செய்யக் கூடாது.

புரட்டாசி விரதமோ காவடி விரதமோ அம்மா பிடிப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறைச்சியை விடுவதால் பிரச்சினை இல்லை, வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் பிரச்சினை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்லசைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ போய், சாப்பாடு போகாவிட்டால் சுகர் விழுந்துவிடும். சுகர் 4 mmol/L-க்குக் கீழே போனால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் வைத்திருந்தால், திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எப்போதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்து டிஸ்சார்ஜ் ஆனால், அன்று சாயங்காலமே கடிதத்தோடு இல்லத்துக்குப் போங்கள். நிறுத்திய மருந்தைப் பழைய அட்டையில் தேதி போட்டு அடிக்கச் சொல்லுங்கள். மிச்ச மாத்திரைகளை அவர் அறையில் விடாமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.