புது ரிவால்வரில் கோளாறு: கம்பெனிக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். போன மாதம் கடையில் புதிதாக .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினேன், ஆறு தோட்டா பிடிக்கும். முதல் தடவை ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) கொண்டு போனபோதே பல தோட்டாக்கள் வெடிக்கவில்லை, ப்ரைமரில் (தோட்டாவின் பின்புறம் அடிபட்டுத் தீ மூட்டும் சிறு மூடி) லேசான பள்ளம் மட்டும் விழுகிறது. ஹாமரை (பின்னால் இருக்கும் சிறு சுத்தியல்) கையால் பின்னால் இழுத்து வைத்துச் சுட்டால் பெரும்பாலும் வெடிக்கிறது. பேரலும் (குழல்) ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. கடைக்காரர் "கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று கைகழுவிவிட்டார். கம்பெனியில் "அனுப்பி வையுங்கள், பார்க்கிறோம்" என்கிறார்கள். தோட்டா மேல் பழியைப் போட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்களோ? அனுப்பும் செலவு யாருடையது? பணம் திரும்பக் கிடைக்குமா? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: பணத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோருக்கும் ஏமாற்றம். பெரும்பாலும் கிடைக்காது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473-இல் நீங்கள் கையெழுத்துப் போட்டு, கடைக்காரர் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்த நிமிடமே அது அவர் கணக்கில் பழைய சரக்கு. அவர் திரும்ப வாங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, வாங்கினால் பழைய விலைக்குத்தான் வாங்குவார், அவ்வளவுதான். அதனால் அவரிடம் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் ரசீதையும், அவர் சொன்ன பதிலை எழுத்தில் ஒரு ஈமெயிலாகவும் வாங்கி வையுங்கள், பின்னால் தேவைப்படலாம்.

அடுத்தது, உங்களுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்க அரசாங்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்றால், நேரடியாக யாரும் இல்லை. அமெரிக்காவில் டோஸ்டர், ஊஞ்சல், குழந்தைக் கட்டில் எதில் குறை இருந்தாலும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத் திரும்பப் பெறச் சொல்ல முடியும். 1972-இல் அந்தச் சட்டம் வந்தபோதே துப்பாக்கியையும் தோட்டாவையும் அதன் வரம்பிலிருந்து வெளியே வைத்துவிட்டார்கள். துப்பாக்கி விற்பனையைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் பார்ப்பது உரிமமும் பதிவேடும்தான், பேரல் நேராக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. துப்பாக்கியில் வரும் ரீகால் (திரும்பப் பெறும் அறிவிப்பு) எல்லாம் கம்பெனி தானாக முன்வந்து அறிவிப்பது. மாசசூசெட்ஸ் மாதிரி ஒரு சில மாநிலங்கள் தங்கள் நுகர்வோர் சட்டத்தை வைத்துக் கைத்துப்பாக்கிக்குத் தனி விதி போட்டிருக்கின்றன, டெக்சஸில் அது கிடையாது.

வாரண்டி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1975-இல் நடைமுறைக்கு வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது முழு வாரண்டியா வரம்புக்குட்பட்ட வாரண்டியா என்று தெளிவாகப் போட வேண்டும் என்கிறது. முழு வாரண்டி என்றால், நியாயமான அளவுக்குப் பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் வேறு பொருளோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனாலேயே அதைப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை, உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் அநேகமாக 'லிமிடெட்' என்றுதான் இருக்கும். எழுத்தில் வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. ரூகர் கம்பெனி அதையே காரணமாகச் சொல்லி வாரண்டி அட்டையே வைப்பதில்லை, ஆனால் பழுதுபார்த்துத் தருவதில் அவர்களுக்கு நல்ல பெயர். 1973-க்கு முன் செய்த பழைய சிங்கிள் ஆக்ஷன் (ஹாமரைக் கையால் இழுத்து வைத்துத்தான் சுட முடியும்) ரிவால்வர்களுக்குக்கூட இன்றும் இலவசமாகப் பாதுகாப்புப் பாகங்களை மாற்றித் தருகிறார்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கூடவே அனுப்பிவிடுகிறார்கள். தாளில் என்ன இருக்கிறது என்பதும் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் இந்தத் தொழிலில் வேறு வேறு. இருந்தாலும் உங்கள் தாளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், குறிப்பாக ரீலோட் செய்த தோட்டா (சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பியது) பற்றி என்ன போட்டிருக்கிறது என்று.

சரி, இப்போது உங்கள் முக்கியமான பயம்: தோட்டா மேல் பழி போடுவது. போடுவார்கள், நீங்கள் இடம் கொடுத்தால். சர்வீஸ் பிரிவில் பெட்டியைத் திறக்கும் ஆளுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ துப்பாக்கி பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் வைத்த குறிப்பை ஒரு நிமிடம் படிப்பார், சொன்ன குறை அவர் கையில் தெரிகிறதா என்று பார்ப்பார், கம்பெனியில் இருக்கும் தோட்டாவைப் போட்டு ஒன்றிரண்டு சுற்று சுடுவார். வெடித்துவிட்டால் "குறை எதுவும் காணப்படவில்லை". அதனால் குறையை அவர் தேட வேண்டிய நிலையில் அனுப்பாதீர்கள், தேடி முடித்துக் கையில் கொடுங்கள்.

இன்னொரு தடவை ரேஞ்சுக்குப் போங்கள். கடையில் விற்கும் புதுத் தோட்டா, குறைந்தது மூன்று கம்பெனியுடையது. ரீலோட் வேண்டவே வேண்டாம். எல்லா ப்ரைமரும் ஒரே கடினம் இல்லை: ஃபெடரல் கம்பெனியுடையது மென்மையானது என்றும் சிசிஐ கம்பெனியுடையது கடினமானது என்றும் சுடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் இரண்டும் அதில் இருக்கட்டும். தோட்டா பிடிக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளுக்கு வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்ஷனில் எத்தனை சுட்டீர்கள், எந்த அறையில், எந்தத் தோட்டா வெடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். வெடிக்காவிட்டால் உடனே சிலிண்டரைத் திறக்காதீர்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு, பேரலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது வினாடி பொறுங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் அதோடு நிறுத்திவிட்டுக் காலி செய்து, பேரலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குறை பேச துப்பாக்கியே மிஞ்சாது.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், அதிலேயே பதில் இருக்கிறது. ஒரே கம்பெனித் தோட்டா மட்டும் சொதப்பினால் குறை தோட்டாவில் இருக்கலாம். எல்லாமே எல்லா அறையிலும் சொதப்பினால் துப்பாக்கியில், ஹாமரை அடிக்க வைக்கும் மெயின் ஸ்ப்ரிங் பக்கம் அல்லது ப்ரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் பக்கம். ஒன்றிரண்டு அறைகளில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும். ஹாமரைக் கையால் இழுத்து வைத்தால் வெடிக்கிறது என்று நீங்கள் சொல்வது நல்ல தடயம். டபுள் ஆக்ஷனில் ஹாமர் பின்னால் போகும் தூரம் குறைவு, அடியும் அந்த அளவுக்குக் குறையும், ஸ்ப்ரிங் பலவீனமாக இருந்தால் முதலில் சொதப்புவது அதுதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகை ரிவால்வர்கள் பலவற்றில் பிடியின் முன்பக்கம் கீழே ஒரு திருகு இருக்கும், மெயின் ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிப்பது அது. அது தளர்ந்தாலே இந்த நோய் வரும், முழுதாக இறுகியிருக்கிறதா என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் கை வைக்காதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றுவது, ஸ்ப்ரிங் மாற்றுவது, உள்ளே தேய்ப்பது எதுவும் வேண்டாம். திருகின் தலையில் ஒரு கீறல் தெரிந்தாலே "வாடிக்கையாளர் பிரித்திருக்கிறார்" என்று எழுத ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

வெடிக்காத தோட்டாக்களின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஒழுங்காக வெடித்த ஒரு தோட்டாவின் காலி உறையைப் பக்கத்தில் வைத்து. பள்ளத்தின் ஆழ வித்தியாசம் ஒரு பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும்.

பேரல் சாய்வுதான் கொஞ்சம் தகராறு பிடித்த விஷயம். பேரலைத் திருகி ஏற்றும்போது நேராக வராமல் துளி முன்னதாகவோ தாண்டியோ நின்றுவிட்டால் குறிபார்க்கும் முன் குறி ஒரு பக்கம் சாயும். கம்பெனி வழக்கமாகச் சொல்லும் பதில் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது". அந்த அளவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் இரண்டு ஆதாரம் போதும். துப்பாக்கியை அசையாமல் நிறுத்தி, சிலிண்டருக்கு மேலே ஓடும் சட்டத்தின் பட்டையைச் சமமாக வைத்து, நேர் பின்னால் இருந்து எடுத்த படம் ஒன்று. பின் குறியை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளினால்தான் குண்டு நடுவில் விழுகிறது என்று காட்டும் இலக்குத் தாள் இன்னொன்று. பின் குறி அசையாத மாடல் என்றால், தாங்கி வைத்துச் சுட்டும் எல்லாம் ஒரே பக்கம் விழுகிறது என்று காட்டும் தாள். இரண்டாவதுதான் கனமானது. கண்ணுக்குச் சாய்வு தெரிகிறது என்பதை அவர்கள் மறுக்கலாம், சுட்டுக் காட்டியதை மறுப்பது கஷ்டம்.

காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சோதனை வீட்டிலேயே செய்யலாம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளங்கள். ஓர் இஞ்ச்சில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு என்பது சாதாரணமாக எல்லோரும் ஏற்கும் அளவு, 12-ஐத் தாண்டினால் தாராளமாகப் புகார் செய்யலாம். அப்புறம், சிலிண்டரை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி ஹாமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள், ஹாமர் நிற்கும் முன் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள். பூட்டவில்லை என்றால் எந்த அறை என்று குறிப்பில் சேர்த்துவிடுங்கள், அது வெடிக்காத தோட்டாவைவிடப் பெரிய குறை, அந்தத் துப்பாக்கியை மேற்கொண்டு சுடவும் வேண்டாம்.

இனி அனுப்புவது. நீங்களாகப் பெட்டி கட்டிக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். கைத்துப்பாக்கியைத் தனிநபர் தபாலில் அனுப்பத் தடை போட்ட சட்டம் 1927-இல் வந்தது, யூபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் தங்கள் விதிப்படி உரிமம் உள்ளவர்களின் அனுப்புதலைத்தான் எடுக்கிறார்கள். உங்களுக்குச் சுலபமான வழி: கம்பெனியே பணம் கட்டி அனுப்பும் ஷிப்பிங் லேபிள். புதுத் துப்பாக்கி என்றால் "லேபிள் அனுப்புங்கள், போக வர இரண்டு செலவும் உங்களுடையது" என்று கேளுங்கள், கொடுப்பதுதான் வழக்கம். கூடவே ரிட்டர்ன் எண் ஒன்று தருவார்கள், அது இல்லாமல் எதையும் அனுப்ப வேண்டாம். பெட்டியை எங்கே கொடுக்க வேண்டும் என்று லேபிளோடு வரும் குறிப்பில் பாருங்கள், தெருமுனை யூபிஎஸ் ஸ்டோர் துப்பாக்கி வாங்காது, யூபிஎஸ்ஸின் சொந்த மையத்துக்குத்தான் போக வேண்டும். பெட்டிக்கு வெளியே துப்பாக்கி என்று தெரியும் எந்த எழுத்தும் கூடாது, உள்ளே ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. நீங்கள் மாற்றிப் போட்ட பிடி, வாங்கிய உறை, கூடுதல் குறி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தபோது இருந்தபடி அனுப்புங்கள். அவர்கள் தொழிற்சாலைப் பாகத்தைத் திரும்பப் பொருத்திவிட்டு உங்களுடையதைத் தூக்கிப் போட்டதாகப் புலம்புகிறவர்கள் நிறைய. மூடும் முன் சீரியல் எண் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்கும் குறிப்பு ஒரு தாள், அதற்கு மேல் வேண்டாம். கோபம் அதில் வரக் கூடாது. "இவ்வளவு விலை கொடுத்தும் இப்படியா" என்ற வரியால் ஒரு திருகும் இறுகாது. சீரியல் எண், வாங்கிய தேதி, ரிட்டர்ன் எண், போன் நம்பர். பிறகு இப்படி: இந்த மூன்று கம்பெனித் தோட்டா, டபுள் ஆக்ஷனில் இத்தனையில் இத்தனை வெடிக்கவில்லை, இந்தந்த அறைகளில், ஹாமரை இழுத்து வைத்துச் சுட்டதில் இத்தனை, பேரல் வலம் அல்லது இடம் சாய்ந்திருக்கிறது, படமும் இலக்குத் தாளும் இணைப்பில். கடைசி வரியில் நீங்கள் கேட்பது என்ன என்று எழுதுங்கள்: டபுள் ஆக்ஷனில் சோதித்துப் பாருங்கள், பேரலை நேராக்குங்கள் அல்லது மாற்றுங்கள், செய்த வேலையை எழுத்தில் தாருங்கள். டபுள் ஆக்ஷன் என்று குறிப்பிடாவிட்டால் ஹாமரை இழுத்து வைத்து ஆறு சுட்டுவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று அனுப்ப வாய்ப்பிருக்கிறது. இதே தாளையும் படங்களையும் ஈமெயிலிலும் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகட்டும். போனில் எடுக்கும் ஆள் துப்பாக்கி மெக்கானிக் இல்லை, அவரிடம் விளக்கிப் பயனில்லை. மரியாதையாகப் பேசி, பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டால் போதும்.

திரும்பி வர சில வாரங்கள் பிடிக்கும். பழுதுபார்த்த அதே துப்பாக்கி உங்கள் வீட்டுக்கே நேராக வரலாம், மறுபடி 4473 தேவையில்லை, வாங்க வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பழுதுபார்க்க முடியாது என்று வேறு துப்பாக்கி தருகிறார்கள் என்றால் அதே வகையாக இருக்கும்பட்சத்தில் கூட்டாட்சிச் சட்டம் அதையும் நேராக அனுப்ப விடுகிறது, ஆனால் பல கம்பெனிகள் கடை வழியாகத்தான் அனுப்பும். அப்படியானால் கடைக்காரர் கேட்கும் கட்டணத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். நியூயார்க் மாதிரி உரிமத்தில் சீரியல் எண் ஏறும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னும் அலைச்சல் உண்டு, உங்களுக்கு இல்லை.

முதல் தடவையே சரியாகிவிட்டால் நல்லது. புது மாடலில் குறை வருவது புதிதும் அல்ல: 2020-இல் கோல்ட் கம்பெனி தன் பைத்தான் ரிவால்வரை மறுபடி கொண்டுவந்தபோது முதலில் வந்தவற்றில் சிலவற்றில் சிலிண்டர் சரியாகச் சுழலவில்லை என்று புகார் கிளம்பியது. இரண்டாவது தடவையும் அதே குறையோடு வந்தால் மூன்றாவது முறை பழுதுபார்க்கக் கேட்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மேலாளர் பெயருக்கு, பதிவுத் தபாலில். டெக்சஸின் நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடும் முன் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கடிதத்தை அந்த நோட்டீஸாகவே எழுதினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 20,000 டாலர் வரையான வழக்கை அங்கே சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம். ஒரு ரிவால்வருக்காக நிஜமாகவே கோர்ட் ஏறுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை, கம்பெனியும் அப்படி நினைக்காது, ஆனால் அந்தக் கடிதம் வேறு மேசைக்குப் போகும். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் ஒரு புகார் போட்டு வையுங்கள், அதற்குச் செலவில்லை.

விற்கலாமா என்ற கேள்விக்கு: இந்த நிலையில் வேண்டாம். குறையை மறைத்து விற்றால் அடுத்தவர் தன் வீட்டுக் காவலுக்கு நம்பி வைத்திருப்பது வெடிக்காத துப்பாக்கி, சொல்லி விற்றால் பாதி விலை. தவிர, சில கம்பெனிகளின் சேவை வாக்குறுதி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், அதனால் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியது நீங்களாக இருப்பதே நல்லது. சரியாகி வந்து, அதே மூன்று கம்பெனித் தோட்டாவைப் போட்டு ஆறு அறையிலும் சுட்டுப் பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், கம்பெனி தந்த பழுதுத் தாளையும் உங்கள் இலக்குத் தாளையும் சேர்த்து வைத்து விற்றுவிடுங்கள்.