பொண்ணு ஜாஸ் பியானோ வாசிச்சு சொந்தப் பாட்டு பாடப் போறேங்கறா, விடலாமா?

உங்க லெட்டர் முழுசா படிச்சேன்மா. பொண்ணு பிளஸ் டூ, பியானோல லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தற பரீட்சைல எட்டாவது கிரேடு முடிச்சாச்சு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷனே போட மாட்டேங்கறா, ஜாஸும் பாப்பும் கலந்து நானே எழுதி நானே வாசிச்சு நானே ரிலீஸ் பண்ணப் போறேன்னு நிக்குறா, அவங்க அப்பா முகம் குடுத்தே பேசறதில்ல, இதுக்கு நடுவுல ஒரு ஸ்டூடியோக்காரர் வேற மூணு லட்சம் குடுங்க ஆல்பமும் வீடியோவும் போட்டு பொண்ண எங்கயோ கொண்டு போயிடறேன்னு சொல்றார், என்ன பண்ணட்டும்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அந்த மூணு லட்சத்த குடுக்காதீங்க. மத்தத நிதானமா பேசுவோம்.

இந்த லைன்ல ரெண்டு விஷயம் இருக்குமா. ஒண்ணு அவ கை, அதாவது பியானோ. இன்னொண்ணு அவ எழுதற பாட்டு. கை இப்பவே சம்பாதிச்சு குடுக்க ஆரம்பிக்கும், பாட்டு எப்ப குடுக்கும், குடுக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா குடுத்தா நாளைக்கு அவ பேர்ல நிக்குற சொத்து அது. நீங்க பயப்படறது பாட்ட நெனச்சு, அவ கனவு காண்றதும் பாட்ட நெனச்சு, நடுவுல சோறு போடக் கூடிய கைய பத்தி ரெண்டு பேருமே பேச மாட்டேங்கறீங்க.

அவளுக்கு ஜாஸ் பாடற ஐஸ்லாந்து பொண்ணு லேவே தான் மாடல்னு எழுதியிருந்தீங்க. நல்ல மாடல் தான், ஆனா முழுக் கதையையும் பாருங்க. 1999ல பொறந்தவ, அம்மா சீனாவுல இருந்து வந்த கிளாசிக்கல் வயலினிஸ்ட், தாத்தா பெய்ஜிங் சென்ட்ரல் கன்சர்வேட்டரில வயலின் வாத்தியார், இவ 15 வயசுல செல்லோவ, அதாவது உக்காந்து வாசிக்கிற பெரிய சைஸ் வயலின் மாதிரி வாத்தியத்த, எடுத்துட்டு போயி ஐஸ்லாந்து சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா கூட சோலோ வாசிச்சவ. அப்புறம் பாஸ்டன்ல பெர்க்லி மியூசிக் காலேஜ், அதுவும் ஸ்காலர்ஷிப்ல, 2021ல டிகிரி. லாக்டவுன்ல ரூம்ல உக்காந்து பழைய ஜாஸ் பாட்டெல்லாம் பாடி ஆன்லைன்ல போட்டு தான் ஆளுங்க சேர்ந்தாங்க, 2024ல கிராமி. ரூம்ல உக்காந்து போட்ட வீடியோ மட்டும் தான் உங்க பொண்ணு கண்ணுக்கு தெரியுது, அதுக்கு முன்னாடி இருக்கற பதினஞ்சு வருஷ சாதகம் தெரியல. உரிமைய மொத்தமா எழுதி வாங்கற பெரிய லேபிள்கிட்ட போகாம, ஆர்ட்டிஸ்ட் கையிலயே உரிமைய விட்டு ரிலீஸ் வேலைய பார்த்துக்கற அவால்ங்கற கம்பெனி வழியா தான் அவ ஆல்பம் வந்துச்சு. அந்த அவாலும் இப்ப சோனிக்கு சொந்தம்ங்கறது வேற கதை.

நான் சொன்னா ஜேமி கல்லம் கதைய தான் வீட்ல பேசச் சொல்லுவேன், அவர் உங்க நெலமைக்கு கிட்ட வர்றார். இங்கிலாந்துக்காரர், பியானோ வாசிச்சு பாடறவர், ஜாஸ்ஸையும் பாப்பையும் கலக்கறவர். ரெடிங் யுனிவர்சிட்டில இங்கிலீஷ் லிட்டரேச்சரும் சினிமாவும் படிச்சவர், மியூசிக் டிகிரியே இல்ல. படிச்சிட்டு இருக்கறப்பவே பப்புல கல்யாணத்துலன்னு வாசிச்சு, 1999ல தன் மூணு பேர் குழுவ வெச்சு 480 பவுண்டு செலவுல ஒரு ஆல்பம் ரெக்கார்ட் பண்ணி 500 காப்பி போட்டு வித்தார். இன்னிக்கு ரேட்டுக்கு அந்த 480 பவுண்டு ஐம்பதாயிரம் ரூபா சொச்சம் வரும். இத அந்த மூணு லட்சத்து பக்கத்துல வெச்சு பாருங்க.

சரி, கை எப்படி இருக்குன்னு பார்க்கணும். கிரேடு எட்டு சாதாரண விஷயம் இல்ல, ஆனா அது நோட்டேஷன, அதாவது எழுதி வெச்ச சுரத்த, பார்த்து வாசிக்கிற திறமை. டிரினிட்டில அந்த கிரேடுக்கு இம்ப்ரொவைசேஷன் டெஸ்ட், அதாவது அந்த எடத்துலயே கற்பனை பண்ணி வாசிக்கறது, ஒரு சாய்ஸா இருக்கு, நம்ம பசங்க நிறைய பேரு அத தொடாம, காதால கேட்டு பதில் சொல்ற ஆரல் டெஸ்ட எடுத்துட்டு போயிடுவாங்க, உங்க பொண்ணு எத எடுத்தான்னு கேளுங்க. ஜாஸ்ல முன்னாடி இருக்கறது ஒரு பேப்பர், அதுல மெலடியும், கார்டு (chord), அதாவது ஒண்ணா சேர்த்து அழுத்தற சுரக் கூட்டத்தோட பேரும் மட்டும் தான் இருக்கும், மத்தத நீயே போட்டுக்கோன்னு விட்டுருவாங்க. வீட்லயே ஒரு சின்ன டெஸ்ட் வைங்க. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன், இந்த மூணையும் இடது கைல வரிசையா போடச் சொல்லுங்க. கை ஒவ்வொரு கார்டுக்கும் குதிச்சு குதிச்சு போச்சுன்னா இன்னும் கிளாசிக்கல் கை. தெரிஞ்ச கை அடில பேஸ் நோட்ட மட்டும் மாத்திக்கிட்டு மேல கிட்டத்தட்ட அசையாது, முதல் கார்டுல இருக்கற எஃப்ங்கற சுரம் ரெண்டாவதுலயும் அப்படியே நிக்கும், சி மட்டும் ஒரு கட்டை இறங்கி பி ஆகும், அடுத்ததுல பி நிக்கும், எஃப் இறங்கி ஈ ஆகும், அவ்வளவு தான். இத பன்னெண்டு ஸ்கேல்லயும் யோசிக்காம போட வந்துச்சுன்னா யார் பாடினாலும் பின்னாடி உக்காந்து வாசிக்கலாம், அவங்க சுருதிய மாத்தினாலும் முழிக்க வேண்டாம். உங்களுக்கு பியானோ தெரியலைன்னாலும் பரவால்லமா, கை குதிக்குதா நழுவுதான்னு கண்ணாலயே தெரியும். வரலைன்னா திட்டிடாதீங்க, ஒழுங்கா உக்காந்தா ஒரு வருஷத்துக்குள்ள வந்துரும், ஆனா அது வர்ற வரைக்கும் ஆல்பம் பேச்சே வேண்டாம்.

படிப்புக்கு வருவோம். பெர்க்லில ட்யூஷன் மட்டும் வருஷத்துக்கு சுமார் 50,000 டாலர், தங்கறது சாப்பிடறது தனி. நல்ல ஸ்காலர்ஷிப் கெடச்சா மட்டும் யோசிங்க, வீட்ட அடமானம் வெச்சு இந்தப் படிப்புக்கு அனுப்பறதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன், கடன கட்டற அளவுக்கு மாசச் சம்பளம் வர்ற வேலை இல்ல இது. சென்னைல ஏ.ஆர்.ரஹ்மான் 2008ல ஆரம்பிச்ச கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கு, நேர்ல கூட்டிட்டு போயி ஒரு நாள் பாருங்க. என் முதல் சாய்ஸ் என்னன்னா, இன்ஜினியரிங்ல தள்ளாதீங்க, நாலு வருஷம் லேபும் அரியரும் போக பியானோ முன்னாடி உக்கார நேரமே இருக்காது. மதியம் ஒரு மணிக்கு விடற ஷிஃப்ட் ஒன் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காமோ இங்கிலீஷோ சேர்த்து விடுங்க, மதியம் சாதகம், சாயந்தரம் ஜாஸ் தெரிஞ்ச ஒரு வாத்தியார். கையில டிகிரி இருக்குன்னா அப்பாவும் கொஞ்சம் இறங்கி வருவார், நாளைக்கு மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு போகணும்னாலும் அது வேணும்.

காசு எங்கிருந்து வரும்? கிரேடு எட்டு முடிச்ச பொண்ணு அப்பார்ட்மென்ட்ல சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்க இன்னிக்கே ஆரம்பிக்கலாம். அப்புறம் ஹோட்டல் லாபி, ரிசப்ஷன், சர்ச், மத்தவங்க பாட்டுக்கு ஸ்டூடியோல கீபோர்டு வாசிக்கறது, கை நல்லா இருந்தா பெங்களூரு வைட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ், டெல்லில பியானோ மேன் மாதிரி ஜாஸ் கேக்கவே ஆளுங்க வர்ற எடம். ஸ்ட்ரீமிங்க வருமானக் கணக்குலயே சேர்க்காதீங்க. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல 1,000 தடவ கூட ஓடலைன்னா அந்தப் பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது, 2024ல இருந்து அது தான் ரூல், ஒரு லட்சம் ஓடினாலும் நம்ம ஊர்ல இருந்து கேட்டது தான் அதிகம்னா ஒரு மாச வீட்டு வாடகை தேறுமாங்கறதே சந்தேகம். செலவு பண்ணியே ஆகணும்னா 88 கட்டை இருக்கற, நிஜ பியானோ மாதிரியே கட்டை கனமா இருக்கற வெயிட்டட் கீ டிஜிட்டல் பியானோ வாங்கிக் குடுங்க, 40,000 ரூபால இருந்து கெடைக்குது, ஒரு மைக், மைக்க கம்ப்யூட்டரோட சேர்க்கற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், போதும். வீட்லயே ரெண்டு மூணு பாட்டு ரெக்கார்ட் பண்ணி பாட்ட ஸ்ட்ரீமிங் ஆப்புகள்ல ஏத்தித் தர்ற டிஸ்ட்ரோகிட் மாதிரி ஒரு சர்வீஸ் வழியா அவளே ரிலீஸ் பண்ணட்டும்.

பாட்டு சொத்துன்னு சொன்னேன்ல, சொத்துன்னா பத்திரம் வேணும். எழுதினதுக்கும் மெட்டு போட்டதுக்கும் ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்கற ஐ.பி.ஆர்.எஸ்ங்கற சங்கத்துல மெம்பர் ஆகணும், பாடினதுக்கு பாடகர்களோட சங்கம் இஸாம்ரா தனி. ரெக்கார்டிங்கோட உரிமை ஒண்ணு, பாட்டோட உரிமை இன்னொண்ணு, ரெண்டும் வேற வேற ஆள் கையில இருக்கலாம். அந்த ஸ்டூடியோக்காரர் மூணு லட்சமும் வாங்கிட்டு ரெக்கார்டிங் உரிமையும் தன் பேர்ல போட்டுக்க பார்ப்பார், இந்த மாதிரி ஆஃபர்ல நான் முதல்ல தேடறதே அந்த வரிய தான். நம்ம காப்பிரைட் சட்டம் 19வது பிரிவுல, எத்தன வருஷத்துக்குன்னு எழுதாம உரிமைய மாத்திக் குடுத்தா அஞ்சு வருஷம்னு தான் எடுத்துக்கணும், எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும் தான்னு இருக்கு, அதனால தான் விவரம் தெரிஞ்சவங்க உலகம் பூரா, காலம் பூரான்னு மறக்காம எழுதி வெச்சிருப்பாங்க. பொண்ணுக்கு 18 முடிஞ்சிருச்சான்னு நீங்க சொல்லல, முடியலைன்னா சைன் கேட்டு உங்ககிட்ட தான் வருவாங்க. பேப்பர் ஏதாவது ஏற்கனவே குடுத்திருந்தா எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாதி பக்கம் அனுப்பாதீங்க, வம்பு எப்பவும் கடைசி ரெண்டு பக்கத்துல தான் இருக்கும்.