முதல் ஸ்கூபா டைவிங் சிலிண்டர்: அலுமினியமா, ஸ்டீலா?

கேள்வி: ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்பக் கோர்ஸ் முடிச்சாச்சு. பழைய அலுமினிய சிலிண்டர் ஒண்ணு சல்லிசா வருது, எடுக்கலாமா? - வாசகர், புதுச்சேரி

பதில்: அவசரப்படாதீங்க. மொதல்ல தோள்பட்டைப் பக்கம் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்க, கடைசியா எப்ப ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் தாங்குதான்னு பாக்குற சோதனை) பண்ணாங்கன்னு மாசம், வருஷம் அதுலயே இருக்கும், கெடு தாண்டியிருந்தா ஒழுங்கான டைவ் கடைல காத்து அடிக்கவே மாட்டாங்க. 1990க்கு முன்னாடி செஞ்ச அலுமினியம்னா வேண்டவே வேண்டாம், அப்ப பல சிலிண்டரை 6351ங்கிற அலுமினியக் கலவைல (அலாய்) செஞ்சாங்க, அதுல கழுத்து மரைகிட்ட கீறல் விடும், சிலது காத்து நிரப்புறப்பவே வெடிச்சு ஆளுங்களுக்கு பலத்த காயமாயிருக்கு. உசுரு விஷயம்ங்க இது.

புதுசுன்னா, வழக்கமான 11 லிட்டர் அலுமினியம் 207 பார் அழுத்தம் வரைக்கும் நிரப்பலாம், செந்துரு பிடிக்காது, ஆனா காத்து தீரத் தீர மிதக்கப் பாக்கும், கடைசில கிட்டத்தட்ட 2 கிலோ அளவுக்கு உங்களை மேல்பக்கமா தூக்கும், அதுக்கு இடுப்பு பெல்ட்ல ஈய எடை கூட்டிக்கணும். 12 லிட்டர் ஸ்டீல் 232 பார், அப்படித் தூக்காது, ஆனா உள்ள ஈரம் போச்சுன்னா துருதான்.

எப்பவாச்சும் லீவுல மட்டும் டைவ் அடிக்கிறவர்னா சிலிண்டர் வாடகைக்கே போதும், அந்தக் காசுல நல்ல ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை மூச்சு விடுற அழுத்தத்துக்குக் குறைச்சு வாய்க்குத் தர்ற கருவி) வாங்குங்க. வாங்கியே தீரணும்னா வால்வு உங்க ரெகுலேட்டருக்குப் பொருந்துதான்னு கடையிலயே மாட்டிப் பாத்துடுங்க.